கையெழுத்திடாத முகவர்: வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசகரைத் தேடுவோருக்கு ஜலந்தர் வழக்கு சொல்வது

கனடாவில் படிப்பை முடித்து, வேலையிலும் சேர்ந்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த இந்திய மாணவர்கள் பலருக்கு, நாட்டைவிட்டு வெளியேற்றும் நடவடிக்கை தொடர்பான அறிவிப்புகளை அந்நாட்டு எல்லைச் சேவை முகமை அனுப்பியிருக்கிறது என்ற செய்தி 2023 மார்ச் மாதத்தில் வெளியானது. பெரும்பாலானோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். பலர் 2018, 2019 ஆண்டுகளில் மாணவர் விசாவில் சென்றவர்கள். முதன்முதலில் விசா பெறுவதற்காக அவர்கள் காட்டிய கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போலியானது என்பதுதான் அவர்கள்மீதான குற்றச்சாட்டு. பாதிக்கப்பட்டோர் சுமார் 700 பேர் என்று முதலில் பேசப்பட்டது. உண்மையான எண்ணிக்கை அதைவிட வெகுவாகக் குறைவு என்று இந்திய அரசுத் தரப்பு பின்னர் கூறியது. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், ஒரு குடும்பம் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கெல்லாம் ஏமாற முடியும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு வழக்கு அண்மைக் காலத்தில் இல்லை. ஆகவே இதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பது, இப்போது அப்படியொரு முடிவின் முன் நிற்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஏமாற்று நடந்த விதம்

வழக்கின் மையத்தில் இருந்தவர் பிரிஜேஷ் மிஸ்ரா. பஞ்சாபின் ஜலந்தர் நகரில் கல்வி ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். சேர்க்கைக் கட்டணம் உட்பட ஒவ்வொரு மாணவரிடமும் 16 லட்சம் ரூபாய்க்கு மேல் பெற்றதாகவும், விமானக் கட்டணமும் வைப்புத்தொகையும் இதில் அடங்காது என்றும் அப்போது செய்திகள் வந்தன. டொராண்டோ நகரின் பெயர்பெற்ற ஹம்பர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாக மாணவர்களின் கையில் கடிதம் கொடுக்கப்பட்டது. அந்தக் கடிதத்தை வைத்து விண்ணப்பம் போனது, விசாவும் வந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு அதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? தூதரகமே ஒப்புக்கொண்ட கடிதம் பொய்யாக இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

மாணவர் டொராண்டோவில் இறங்கியதும் முகவரிடமிருந்து தொலைபேசி வரும். சேர வேண்டிய பாடப்பிரிவில் இடங்கள் நிரம்பிவிட்டன, அடுத்த பருவத்துக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அல்லது வேறொரு கல்லூரியில் உடனே சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லப்படும். ஹம்பர் கல்லூரிக்கென்று வாங்கிய கட்டணத்தையும் அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். மாணவர்கள் அதிகம் அறியப்படாத வேறு கல்லூரிகளில் சேர்ந்து, ஒழுங்காகப் படித்துப் பட்டயம் பெற்று, பணி அனுமதியும் வாங்கினார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கான கோப்பைப் பரிசீலிக்கையில் அதிகாரிகள் பழைய ஆவணங்களைத் திரும்பப் பார்த்தபோதுதான், அந்தக் கடிதத்தைக் கல்லூரி ஒருபோதும் வழங்கவில்லை என்பது வெளிப்பட்டது.

இந்த ஏமாற்றில் மிகவும் நுட்பமாகத் திட்டமிடப்பட்ட பகுதி, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததுதான் என்பது என் கருத்து. பணத்தை விழுங்கியவர்மீது மறுநாளே காவல் நிலையத்தில் புகார் போயிருக்கும். கட்டணத்தைத் திருப்பித் தந்தவரை நேர்மையானவர் என்று ஊரே சொல்லும். அடுத்த ஆண்டு தம்பியையும் பக்கத்து வீட்டுப் பையனையும் அவரிடமே அனுப்பும். அவருக்கு வேண்டியிருந்தது தமக்கான சேவைத் தொகையும், விசா கிடைத்தது என்ற பெயரும் மட்டுமே. அந்தப் பெயருக்காக, உண்மையில் இடம் வாங்கித் தரும் உழைப்பைத் தவிர்த்து, இடம் கிடைத்ததாகக் காகிதத்தில் காட்டினார்.

அந்தத் தொலைபேசி அழைப்பையும் சற்று நின்று பார்க்க வேண்டும். சேர்க்கை உறுதியாகி, கட்டணமும் செலுத்தப்பட்ட ஓர் இடம் நிரம்பிவிட்டது என்றால், அதைச் சொல்ல வேண்டியது கல்லூரி. மாணவரின் பெயரிலும் மாணவர் எண்ணிலும் கல்லூரியிலிருந்தே மின்னஞ்சல் வரும், அவருடைய இணையக் கணக்கில் பதிவாகும், கட்டணம் திருப்பித் தரப்படுவதானால் அதுவும் கல்லூரியின் கணக்கிலிருந்தே வரும். ஜலந்தரில் இருக்கும் ஒருவர் தொலைபேசியில் சொல்லி, ஜலந்தரிலிருந்தே பணமும் திரும்ப வருகிறது என்றால், பணம் கல்லூரிக்குப் போகவே இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. புதிதாக வந்து இறங்கிய, தங்க இடம்கூட உறுதியாகாத பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் இதை யோசிக்கும் நிலை இருந்திருக்காது. ஆனால் இந்தக் கேள்வியை ஊரில் இருந்த பெற்றோர் கேட்டிருக்கலாம். அதற்கு முன்பே, கடிதம் கைக்கு வந்த அன்றே கேட்டிருக்கலாம்.

கையெழுத்து யாருடையது

வழக்கு விவரங்களில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. விசா விண்ணப்பங்களில் மிஸ்ரா தம்மைப் பிரதிநிதியாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாணவர்களே சொந்தமாக விண்ணப்பிப்பதுபோலப் படிவங்கள் நிரப்பப்பட்டு, மாணவர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். கனடாவின் விண்ணப்பத்தில், பணம் பெற்றோ பெறாமலோ வேறொருவர் உங்கள் சார்பில் செயல்பட்டால் அவருடைய பெயர், முகவரி, பதிவு எண் ஆகியவற்றைக் குறிக்கும் தனிப்படிவம் ஒன்று உண்டு. அதன் எண் 5476. அந்தப் படிவம் கோப்பில் இல்லையென்றால், அரசின் பார்வையில் முகவர் என்று ஒருவர் இல்லை. அத்தனை ஆவணங்களையும் தேடி, சரிபார்த்து, உண்மை என்று உறுதிமொழி கொடுத்தவர் அந்த மாணவரே ஆகிறார்.

இதன் விளைவு சட்டத்தில் மிகவும் கடுமையானது. கனடாவின் குடியேற்றச் சட்டம் 40-ஆவது பிரிவின்படி, தவறான தகவல் தந்தவர் என்று முடிவானால் ஐந்து ஆண்டுகள் அந்நாட்டுக்குள் நுழையத் தகுதியில்லை. தகவல் தவறு என்பது விண்ணப்பதாரருக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வி அதன்பிறகே எழும். தெரியாது என்று காட்ட வேண்டிய சுமையும் பெரும்பாலும் அவர் தோளிலேயே விழும். அதே சட்டத்தின் 91-ஆவது பிரிவு, கட்டணம் பெற்றுக்கொண்டு குடியேற்ற ஆலோசனை வழங்குவதற்கும் பிரதிநிதியாக இருப்பதற்கும், கனடாவின் வழக்கறிஞர் அமைப்புகளில் உள்ளவர்கள், கியூபெக் மாகாண நோட்டரிகள், பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகர்கள் ஆகியோருக்கு மட்டுமே அனுமதி தருகிறது. இந்தியாவில் இருக்கும் கல்வி முகவர் எந்தக் கல்லூரி பொருந்தும் என்று சொல்லலாம், சேர்க்கைக்கு உதவலாம். விசா விண்ணப்பத்தைக் கூலிக்கு எழுதித் தருவதற்கு அவருக்குத் தனியாகப் பதிவு வேண்டும். பதிவு இல்லாதவர்கள் பின்னால் மறைந்து நிற்பதற்கு இதுவே காரணம். பெயரைப் போட்டால் பதிவு எண்ணையும் போட வேண்டிவரும்.

ஆகவே ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குள் நுழையும் குடும்பம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பேரை அனுப்பியிருக்கிறீர்கள் என்பதோ, எத்தனை சதவீதம் விசா கிடைத்தது என்பதோ அன்று. எங்கள் விண்ணப்பத்தில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வரும், யாருடைய பதிவு எண்ணில் வரும் என்பதுதான் அந்தக் கேள்வி. “அதெல்லாம் தேவையில்லை சார், ஸ்டூடன்ட் பேர்லயே போட்டா சீக்கிரம் வந்துரும்” என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடலாம். மாணவர் தாமாகவே விண்ணப்பிப்பதில் தவறேதும் இல்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு எழுதிவிட்டு, எழுதியது நீங்கள்தான் என்று உங்களையே கையெழுத்திடச் சொல்வதுதான் தவறு.

வழக்கின் முடிவு

2023 மே மாத இறுதியிலிருந்து மாணவர்கள் மிசிசாகாவில் எல்லைச் சேவை முகமையின் அலுவலகத்துக்கு வெளியே கூடாரமிட்டுப் போராடினார்கள். ஜூன் 14 அன்று அப்போதைய குடியேற்ற அமைச்சர் ஷான் ஃபிரேசர், ஏமாற்றப்பட்டவர்களையும் ஏமாற்றுக்கு உடந்தையாக இருந்தவர்களையும் பிரித்தறியப் பணிக்குழு ஒன்றை அறிவித்தார். உண்மையாகவே படிக்க வந்தவர்களுக்குத் தற்காலிக அனுமதி வழங்கப்படும், ஐந்தாண்டுத் தடையும் இராது என்றார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வெளிவந்த கணக்கின்படி, அதுவரை ஆராயப்பட்ட 103 கோப்புகளில் 63 பேர் உண்மையான மாணவர்கள் என்றும் 40 பேர் அப்படியல்லர் என்றும் முடிவானது. மிஸ்ரா 2023 ஜூனில் கனடாவில் கைதாகி, 2024 மே மாதத்தில் வான்கூவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

அந்த 63 என்ற எண்ணை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நியாயமானவர்கள் என்று அரசே சொல்லிவிட்டது. அதற்கு முன் சென்ற மாதங்கள், வழக்கறிஞருக்குக் கொடுத்த தொகை, ஊரில் அடமானம் வைத்த நிலம், விழுந்து போன திருமணப் பேச்சுகள் இவற்றை எந்தப் பணிக்குழுவும் திருப்பித் தரவில்லை. அவர்கள் செய்த பிழை என்று பார்த்தால், ஒரு கடிதம் உண்மையா என்று அதை எழுதியதாகச் சொல்லப்பட்ட கல்லூரியிடமே கேட்காதது மட்டும்தான். அதற்கு இத்தனை பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதால்தான், கேட்பது எப்படி என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அப்போது விசா அதிகாரிகளிடமும் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டாய நடைமுறை இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் அது வந்துவிட்டது: விண்ணப்பத்தில் உள்ள சேர்க்கைக் கடிதம் உண்மையானதா என்பதைச் சம்பந்தப்பட்ட கல்லூரி குறித்த நாட்களுக்குள் அரசின் இணையதளத்தில் நேரடியாக உறுதிசெய்தால்தான் விண்ணப்பம் மேலே நகரும். இந்த முறை வந்த பிறகு சுமார் ஐந்து லட்சம் கடிதங்கள் சரிபார்க்கப்பட்டதாகவும், அவற்றில் 10,000-க்கும் மேற்பட்டவை போலியாக இருக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டதாகவும் 2024 நவம்பரில் கனடா தெரிவித்தது. கதவு இறுகிவிட்டது என்று இதைக் கேட்டு நிம்மதியடைய முடியவில்லை. ஜலந்தர் முகவர் பிடிபட்ட பிறகும் அத்தனை ஆயிரம் கடிதங்கள் அனுப்பப்பட்டிருக்கின்றன. இப்போது போலிக் கடிதம் விசா நிலையிலேயே பிடிபடும். பிடிபட்டால் தவறான தகவல் என்ற முத்திரை அந்த மாணவரின் பெயரில்தான் விழும்.

கடிதத்தைச் சரிபார்ப்பது

சேர்க்கைக் கடிதம் வந்ததும் அதில் உள்ள தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ பயன்படுத்தாமல், கல்லூரியின் இணையதளத்துக்குத் தனியாகச் சென்று அங்கே கிடைக்கும் முகவரிக்கு எழுத வேண்டும். போலிக் கடிதத்தைத் தயாரிப்பவர் போலி முகவரியையும் தயாரித்திருப்பார். மாணவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, கடிதத்தில் உள்ள மாணவர் எண், பாடப்பிரிவு, தொடங்கும் பருவம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இந்தக் கடிதம் உங்களால் வழங்கப்பட்டதா, இந்த மாணவருக்காக எந்த முகவர் உங்களிடம் பதிவாகியிருக்கிறார் என்று இரண்டே வரிகளில் கேட்டால் போதும். இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாணவர் ஒருபோதும் சந்தித்திராத ஒரு துணைமுகவரின் பெயர் கல்லூரிப் பதிவில் இருப்பது அரிதான செய்தியன்று. நீங்கள் பேசுபவருக்குக் கல்லூரியுடன் நேரடி ஒப்பந்தம் இல்லை என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

இதைச் செய்வதற்கு மாணவரின் மின்னஞ்சல் மாணவரிடமே இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றில், சேர்ந்த முதல் நாளே “உங்க பேர்ல ஒரு மெயில் ஐடி கிரியேட் பண்ணிட்டோம், பாஸ்வேர்ட் எங்ககிட்ட இருக்கும், எல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்கிறார்கள். கல்லூரி எழுதும் எந்தக் கடிதமும் அதன்பின் மாணவரை வந்தடையாது. இடம் மறுக்கப்பட்டாலும், நிபந்தனையோடு கொடுக்கப்பட்டாலும், மேற்கொண்டு ஓர் ஆவணம் கேட்கப்பட்டாலும் அலுவலகம் சொல்வதுதான் செய்தி. விசா இணையக் கணக்குக்கும் இதே கதைதான். கடவுச்சொல்லைக் கொடுக்க மறுக்கும் ஆலோசகர், மற்ற எல்லாவற்றிலும் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேண்டாம்.

பணம் செல்லும் வழியும் அப்படித்தான். படிப்புக் கட்டணம் பெற்றோரின் வங்கிக் கணக்கிலிருந்தோ கல்விக் கடன் கணக்கிலிருந்தோ, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தின் வழியாக, கல்லூரியின் கணக்குக்கு நேரே போக வேண்டும். பணம் அனுப்பியதற்குச் சான்றான வங்கியின் ஸ்விஃப்ட் நகலை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். ஆலோசகருக்குக் கொடுப்பது அவருடைய சேவைக் கட்டணம் மட்டுமே, அதுவும் ஜிஎஸ்டி எண் உள்ள ரசீதுக்கு எதிராக. எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எங்களிடம் கட்டிவிடுங்கள் என்பது கேட்பதற்கு வசதியாக இருக்கும். ஜலந்தரில் நடந்ததும் அதுதான்.

ஆலோசகருக்குப் பணம் தருவது யார்

மாணவரிடம் ஒரு பைசாகூட வாங்குவதில்லை என்று விளம்பரப்படுத்தும் நிறுவனங்கள் உண்டு. அது பெரும்பாலும் உண்மைதான். அவர்களுக்குப் பணம் தருவது கல்லூரி. மாணவர் செலுத்தும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு முகவருக்குக் கமிஷனாகப் போகிறது. இது சட்டவிரோதம் அன்று, உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் மாணவர்களைச் சேர்க்கின்றன. ஆனால் அதன் விளைவு ஆலோசனையின் உள்ளடக்கத்தில் தெரியும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கமிஷன் கொடுப்பதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது, பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கமிஷனை மட்டும் நம்பி நடக்கும் அலுவலகத்தில் இயந்திரப் பொறியியல் மாணவர் ஒருவர் போய் உட்கார்ந்தால், அவர் மேசைக்கு அந்தப் பல்கலைக்கழகங்களின் பெயர் வருவதற்கு வாய்ப்புக் குறைவு. கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரே முதலில் வரும்.

உறவினர் ஒருவரின் மகளுக்காகத் திருச்சியில் சில அலுவலகங்களுக்கு அவர்களோடு நானும் போயிருந்தேன். பொறியியல் முடித்த பெண். தந்தை சிறிய லேத் பட்டறை வைத்திருப்பவர். முதல் அலுவலகத்தில் குளிரூட்டிய அறை, சுவரெல்லாம் விசா பெற்றவர்களின் புகைப்படங்கள். பட்டறைக்காரர் நேராகவே கேட்டார்: “ஏம்மா, நீங்க எங்ககிட்ட ஃபீஸ் வாங்க மாட்டீங்கன்னா, உங்களுக்கு யாரு குடுப்பாங்க?” எதிரே இருந்த இளம்பெண் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் யூனிவர்சிட்டி கூட எங்களுக்கு டை-அப் சார், நீங்க ஏன் கவலைப்படுறீங்க” என்றார். “எவ்வளவு குடுப்பாங்க?” என்று மீண்டும் கேட்டதற்குப் பதில் வரவில்லை, பேச்சு உதவித்தொகைக்குத் தாவிவிட்டது.

வேறொரு அலுவலகம் மாடிப்படியேறிப் போக வேண்டிய சின்ன இடம். அங்கே இருந்தவர் அதே கேள்விக்கு ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். இந்த ஆறு பல்கலைக்கழகங்களும் எங்களுக்குக் கமிஷன் தரும், இன்ன விகிதம்; இந்த மூன்றும் தராது, அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் உங்களிடம் சேவைக் கட்டணம் வாங்குவேன், இவ்வளவு; பாப்பாவின் மதிப்பெண்ணுக்கு என்னைக் கேட்டால் இந்த மூன்றில் இரண்டாவதுதான் சரி. பட்டறைக்காரர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சரிங்க தம்பி, வீட்ல பேசிட்டு வர்றோம்” என்றார். வெளியே வந்ததும் மகளிடம், “இவன்கிட்டயே குடுத்துரலாம்டா. கேட்டதுக்குக் கணக்கு சொல்றான்” என்றார். தொழிலில் கணக்கு பார்த்துப் பழகியவரின் முடிவு அது. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. கமிஷன் வாங்குவதால் ஓர் ஆலோசகர் கெட்டவராகிவிடுவதில்லை; வாங்குவதைக் கேட்டவுடன் சொல்லுகிறாரா என்பதில்தான் வேறுபாடு.

கமிஷனுக்கு அப்பாற்பட்ட ஆலோசனையும் கிடைக்கிறது, அதை நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவில் இயங்கும் எஜுகேஷன்யுஎஸ்ஏ அமைப்புக்குச் சென்னையில் மையம் உண்டு. கமிஷன் வாங்கும் முகவர்களோடு கூட்டுச் சேர்வதில்லை என்பது அதன் கொள்கை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாடும் (DAAD) சென்னையில் தகவல் மையம் வைத்திருக்கிறது. இவர்கள் உங்களுக்காக விண்ணப்பத்தை நிரப்பித் தரமாட்டார்கள். எங்கே படிப்பது என்ற முடிவை இவர்களோடு பேசி எடுத்துவிட்டு, படிவ வேலைக்கு மட்டும் ஓர் ஆலோசகரிடம் போனால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் எண்ணிக்கையே பாதியாகிவிடும்.

உரிமம் ஒன்றே போதுமா

பஞ்சாபில் பயண முகவர்களையும் கல்வி ஆலோசகர்களையும் உரிமத்தின் கீழ் கொண்டுவரும் மாநிலச் சட்டம் 2010-களிலேயே வந்துவிட்டது. ஜலந்தர் நிறுவனமும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் படாத ஒன்றன்று. அதன் உரிமத்தை மாவட்ட நிர்வாகம் ரத்துசெய்தது, ஆனால் செய்தி வெளிவந்த பிறகு. சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் உரிமத்தை மட்டும் நம்பி முடிவெடுத்தவர்களுக்கு அது எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. வேலைக்காக ஆட்களை வெளிநாடு அனுப்புவோரை 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. படிப்புக்கு அனுப்பும் ஆலோசகர்கள் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே, ‘மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று ஒரு கல்வி ஆலோசனை நிறுவனத்தின் பலகையில் எழுதியிருந்தால், எந்தச் சட்டத்தின்படி, எதற்கான அங்கீகாரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உரிமத்தைவிடப் பயன் தருவது, அனுப்பப்போகும் நாட்டின் பதிவேடுகளே. கனடாவுக்கு, 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் (பெயர்தான் கல்லூரி; ஆலோசகர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு இது) பொதுப்பதிவேட்டில் பெயரையும் எண்ணையும் யாரும் தேடலாம். இடைநீக்கம் செய்யப்பட்டவரா என்பதும் அதில் தெரியும். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் முகவர்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. பிரிட்டனுக்கு, பயிற்சி முடித்த ஆலோசகர்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் கவுன்சில் வைத்திருக்கிறது. பல்கலைக்கழகங்கள் பலவும் நாடுவாரியாகத் தங்கள் முகவர்களைக் குறிப்பிடுகின்றன. பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதாது, எந்த ஊர்க் கிளை என்றும் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் பெயரை ஒப்பந்த அடிப்படையில் வாங்கி நடத்தும் கிளைகள் ஏராளம். முகம் வேறு, பலகை வேறு.

ஆலோசகருக்கு விஷயம் தெரிகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றும் எண்ணம் இல்லாத அறியாமையும் அதே அளவு சேதம் செய்யும். கனடாவையே எடுத்துக்கொண்டால், 2024-இன் தொடக்கத்திலிருந்து காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்தது, 2025 செப்டம்பரில் 22,895 ஆனது. விரைவு விசாத் திட்டம் 2024 நவம்பரில் நிறுத்தப்பட்டது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை ஒப்பந்தத்தில் நடத்தும் தனியார் கல்லூரிகளில் 2024 மே 15 முதல் சேர்வோருக்குப் படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி கிடையாது. கடைசியாகச் சொன்ன விதி ஒரு குடும்பத்தின் கணக்கையே தலைகீழாக்கிவிடும். இந்தக் கல்லூரியில் படித்தால் பணி அனுமதி கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தாலும் பரவாயில்லை, எழுத்தாக இருக்க வேண்டும். எழுதித் தரத் தயங்குபவருக்குத் தாம் சொல்வதில் தமக்கே உறுதியில்லை.

கடிதம் உண்மையாக இருந்தும் மாணவர்கள் தவித்த நிகழ்வும் உண்டு. 2022-இன் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரே குழுமத்தின் மூன்று தனியார் கல்லூரிகள் திடீரென்று வகுப்புகளை நிறுத்தியபோது, கட்டணம் செலுத்திய இந்திய மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பணம் கட்டும் முன் கல்லூரியின் நிலையை நன்றாக ஆராயுங்கள் என்று ஒட்டாவாவில் உள்ள இந்தியத் தூதரகம் அறிவுரை வெளியிட்டது. அத்தகைய நேரத்தில் ஆலோசகரோடு செய்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கையில் மிஞ்சுவது. விசா மறுக்கப்பட்டால் சேவைக் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும், கல்லூரியை மாற்ற நேர்ந்தால் மீண்டும் கட்டணம் உண்டா, மாணவரின் அசல் சான்றிதழ்களை யார் வைத்திருப்பார்கள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஒரே விடைதான்: அசல் சான்றிதழ் ஒருநாள்கூட அலுவலகத்தில் தங்கக் கூடாது.

ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டவர்கள்

இதைப் படிப்போரில் சிலருடைய பிள்ளைகள் ஏற்கெனவே போய்விட்டிருப்பார்கள். முகவர் அனுப்பிய படிவத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் கையெழுத்திட்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பத்தின் முழுப்பிரதியையும், அதோடு இணைக்கப்பட்ட சேர்க்கைக் கடிதம், வங்கிச் சான்று, வேலை அனுபவச் சான்று ஆகியவற்றையும் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது. அவர் தர மறுத்தால், கனடாவில் இருப்பவர்கள் தங்கள் கோப்பின் நகலை அந்நாட்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே குடியேற்றத் துறையிடமிருந்தே பெற முடியும். கோப்பில் தமக்குத் தெரியாத ஆவணம் எதையாவது கண்டால், அதே முகவரிடம் போய் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காமல், பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரையோ வழக்கறிஞரையோ சந்தித்து, பணி அனுமதிக்கோ நிரந்தர வசிப்புரிமைக்கோ அடுத்த விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அதைத் தாமாகத் தெரிவிப்பது பற்றிக் கலந்து பேச வேண்டும். முகவரோடு நடந்த உரையாடல்கள், பணம் கொடுத்த ரசீதுகள், கல்லூரி மாறச் சொன்ன குறுஞ்செய்திகள் எதையும் அழித்துவிடக் கூடாது. கோப்பில் முகவரின் பெயரே இல்லாதபோது, அப்படி ஒருவர் இருந்தார், அவரை நம்பித்தான் இதைச் செய்தோம் என்பதற்கு அவையே ஆதாரம்.